சுண்ணாம்பில் கரைத்த வானம்

ஜூன், ஜூலையில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்குகிற யாரும் வானம் நீலம் என்று சத்தியம் செய்ய மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் ஒரே சாம்பல் போர்வைக்குள் போய்விடும். பத்தடி தள்ளி நிற்கிற தேயிலைச் செடி கண்ணுக்குத் தெரியாது. மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் குரல் கொடுத்துத்தான் ஒருவர் இருக்கிற இடத்தை மற்றவர் அறிவார்கள். அந்த மாதங்களில் வெளிர் நீலத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அண்ணாந்து பயனில்லை. குனிய வேண்டும். குனிந்து, ஒரு லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையின், வாசலுக்குள் நுழைய வேண்டும்.

உள்ளே கண் பழக அரை நிமிடம் பிடிக்கும். விறகடுப்புப் புகை ஐம்பது அறுபது வருடமாகக் கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தைக் கறுக்க வைத்திருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஜன்னல் இருந்தால் ஒன்று. அந்த இருட்டுக்குள் முதலில் எழுந்து வருவது சுவர். பாலில் ஒரு சொட்டு மை விழுந்த மாதிரி, பலமுறை துவைத்த பழைய சேலை மாதிரி ஒரு நீலம். அதன்மேல் முருகன் காலண்டர், இரண்டு கல்யாணப் படம், டீவிக்குப் பின்னால் வயர் போகிற கோடு.

இந்த நிறத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நானும் எல்லோரையும் போல வானம், கடல், கண்ணன் என்றுதான் தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மலையகத்தில் வெளிர் நீலம் மேலேயிருந்து இறங்கியதில்லை. சுண்ணாம்பிலிருந்து வந்தது. சுவரிலும் சரி, தேயிலை இலையிலும் சரி, பங்களாப் பூந்தோட்டத்திலும் சரி, இந்த நிறத்தைத் தொட்டுப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒட்டுவது ஒரு பிடி சுண்ணாம்புதான்.

புறங்கையில் ஒரு பொட்டு

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் பாட்டி அம்மாயி சுண்ணாம்பு கரைப்பார். எங்கள் ஆட்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள். அங்கே பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பார்கள். மலையேறிய பிறகு எங்கள் பக்கம் அது தீபாவளிக்கு நகர்ந்துவிட்டது. காரணம் பக்தியில்லை. தீபாவளி முற்பணம் கைக்கு வருவது அப்போதுதான்.

திகன, மாத்தளைப் பக்கச் சூளைகளில் வெந்த கல்சுண்ணாம்பைப் பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் கொட்டி, முதல் நாள் மாலை தண்ணீர் ஊற்றுவார். சட்டென்று சீறும். புகை கிளம்பும், பீப்பாயைத் தொட முடியாத சூடு ஏறும். பிள்ளைகளை இஸ்தோப்புத் திண்ணைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார். இரவெல்லாம் ஆறிக் காலையில் அது கட்டித் தயிர் போலக் கிடக்கும். சாக்கில் வடித்து, ஒரு கை உப்பும் கொஞ்சம் கஞ்சித் தண்ணீரும் சேர்ப்பார். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், கஞ்சி சுவரோடு ஒட்ட வைக்கும். அப்புறம்தான் நீலம். சலவைக்கு வாங்குகிற அதே நீலம், துணி முடிச்சில் கட்டி வாளிக்குள் முக்கி முக்கிப் பிழியப்படும். வெள்ளைக்குள் நீலம் நரம்பு நரம்பாக ஓடும். கம்பை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மறைந்துவிடும்.

அதற்குப் பிறகு அவர் செய்கிற காரியத்தைத்தான் நான் காத்திருந்து பார்ப்பேன். விரல் நுனியால் தொட்டுப் புறங்கையில் ஒரு பொட்டு வைத்து, வாயைக் குவித்து ஊதுவார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் பழகிய கை, காரம் அதற்கு உறைக்காது. ஈரமாக இருக்கும்போது நல்ல கடும் நீலம். ஊத ஊத வெளுக்கும்.

“ஈரத்துல பாக்கிற கலர நம்பாதே ராசா. இது இன்னும் கூடவே இருக்கு. ரெண்டு சொம்பு தண்ணி ஊத்து.”

ஏன் வெளுக்கிறது என்பது எனக்குப் பள்ளிக்கூடத்து ரசாயனப் பாடத்தில்தான் விளங்கியது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு ஏறக்குறைய கண்ணாடி மாதிரி, ஒளி உள்ளே போய்விடும். காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாக மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் ஒளியைச் சிதறடிக்க, வெள்ளை மேலே வருகிறது, நீலம் பின்வாங்குகிறது. கடையில் டப்பாவில் விற்கும் இளநீலப் பெயிண்டுக்கும் சுண்ணாம்பு நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அது மேலே ஒட்டிய தோல், இது சுவரோடு சுவராக இறுகிய கல். காலை வெயில் நேராக விழுந்தால் பளபளக்காமல் மெல்லப் பூக்கும்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காணியும் அப்படியே. வெளிச்சுவர் நிர்வாகத்தின் கணக்கு. அது வெள்ளையடிக்கும், அடிக்காமலும் விடும். உள்சுவர் மட்டும் குடியிருப்பவர் கையில். 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சந்தைக் கணக்குப் போலப் பங்கு பிரித்தது. எந்த நாட்டில் சாவோம் என்பதே அடுத்தவர் முடிவாக இருந்த அந்த வருடங்களிலும், அடுப்புக்கு எதிர்ச்சுவருக்கு எவ்வளவு நீலம் என்பதை வீட்டுப் பெண்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். வீட்டு அலங்காரம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் போடுகிறார்களே, மலையகத்தில் அந்தக் கலையின் தொடக்கம் இந்த வாளிதான் என்பது என் கட்சி.

மாதாவின் அங்கி வாளிக்கு வந்த கதை

அந்த முடிச்சுக்குள் இருந்த நீலத்துக்கு ஒரு ராஜ வரலாறு உண்டு. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்ற கல்லை இடித்து, கழுவி, வடித்துத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் உயர்ந்த நீலத்தை எடுத்தார்கள். கடல் தாண்டி வந்ததால் ‘கடலுக்கு அப்பால்’ என்ற பொருளில் அதற்கு அல்ட்ராமரின் என்று பெயர். தங்கத்தோடு போட்டி போடும் விலை. ஆகவே அதை ஓவியத்தில் யாருக்குப் பூசுவது என்ற கேள்வி எழுந்தபோது, மாதாவுக்கு என்று முடிவானது. மரியாளின் மேலங்கி நீலமானதற்குப் பக்தியோடு விலைப்பட்டியலும் ஒரு காரணம்.

1824இல் பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், இந்த நீலத்தை மலிவாகச் செயற்கையில் செய்து காட்டுகிறவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தது. நான்கு வருடத்தில் ழான் பப்டிஸ்ட் கிமே என்பவர் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் கிறிஸ்டியன் க்மெலினும் செய்து முடித்திருந்தார். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூளையில் வேக வைத்தால் லாபிஸின் நீலம் மூட்டை மூட்டையாக வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் கம்பெனி அதைச் சலவை நீலமாக விற்கத் தொடங்கியது. பேரரசு போன இடமெல்லாம் அதுவும் போனது. எங்கள் தோட்டத்துக் கடையில் ரொபின் நீலம் இல்லாத நாள் எனக்கு நினைவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா நீலமும் சுண்ணாம்பைத் தாங்காது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலத்தைச் சுண்ணாம்பில் போட்டால் துருப்பிடித்த பழுப்பாகிவிடும். அல்ட்ராமரின் நேர் எதிர்: எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் செத்து அழுகிய முட்டை வாசம் வரும், சுண்ணாம்பின் காரத்தில் மட்டும் அசையாமல் நிற்கும். கிமேயையும் அறியாமல் க்மெலினையும் அறியாமல் லயத்துப் பெண்கள் சரியான நீலத்தைச் சரியான வாளியில் கரைத்தார்கள். முன்னொரு காலத்தில் செல்வந்தரின் பூசை அறைக்கென்றே இருந்த அந்த நிறம் சில சதத்துக்குக் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்தது. ஹட்டன் வீதி வளைவுகளில் கண்ணாடிக் கூட்டுக்குள் லூர்து மாதாவின் சுரூபங்கள் நிற்கும், இடுப்பில் வெளிர் நீலக் கச்சையோடு. 1858இல் லூர்து கெபியில் ஒரு ஏழைச் சிறுமி கண்டதாகச் சொன்ன அடையாளம் அந்தக் கச்சை. வெயிலில் வெளுத்து வெளுத்து எங்கள் சுவரின் நிறத்துக்கே அதுவும் வந்துவிடும்.

சலவைக்கு வருகிறேன். வெள்ளைத் துணி பழசானால் மஞ்சளிக்கும். மஞ்சளுக்கு எதிர் நீலம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, துணி உண்மையில் ஒரு பங்கு மங்கினாலும் கண் அதைத் தூய வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. நீலம் போடுவது நேர்மையான ஏமாற்று வேலை. அளவு தப்பினால் வேஷம் கலைந்துவிடும். ஆறாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை என் வெள்ளைச் சட்டையின் முதுகில் திட்டுத் திட்டாக நீலம் ஏறியிருந்தது. காலைக் கூட்டத்தில் என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, “மேகம் கலைஞ்சிருச்சு போல” என்றார் ஓர் ஆசிரியர். பாடசாலை விட்டுப் போகும்வரை எனக்கு ‘ஆகாசம்’ என்றே பெயர்.

மூன்று வருடம் பிந்திய மருந்து

சுவரை விட்டு மலைக்குப் போவோம். இங்கே தேயிலைக்கு முன்னால் கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் காவித் தூள் மாதிரி ஒன்று தென்பட்டது. கோப்பித் துரு. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் நின்ற கோப்பி, அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் வேரோடு போனது. 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டு வருடம் மலை மலையாக அலைந்து, இது காற்றில் பறக்கும் பூசண வித்துகளால் பரவுகிறது, ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதுதான் அதற்கு விருந்து என்று கண்டு சொன்னார். நோய் என்ன என்பது தெரிந்தது. மருந்து கையில் இல்லை. 1882இல் கப்பலேறிவிட்டார்.

அதே 1882இல் பிரான்சின் போர்தோப் பக்கத்தில் பியர் மில்லார்தே என்ற பேராசிரியர் திராட்சைத் தோட்டத்து ஓரமாக நடந்து போனார். ஊரெல்லாம் கொடிகள் பூசணத்தில் கருகிக் கிடக்க, வீதியோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. இலையெல்லாம் வெளிர் நீலக் கறை. விசாரித்தால், போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமலிருக்க விஷம் அடித்ததுபோலக் காட்ட மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருக்கிறார்கள். கள்ளனுக்கு வைத்த பயமுறுத்தல் நோய்க்கு மருந்தாகிவிட்டது. 1885இல் மில்லார்தே அதை உலகுக்குச் சொன்னார். போர்தோக் கலவை என்று அதற்குப் பெயர். நம் கோப்பி அதற்குள் முக்கால் செத்திருந்தது. வெளிர் நீலம் மூன்று வருடம் முந்தி வந்திருந்தால் இந்த மலைகளில் இன்றைக்கு என்ன செடி நிற்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. தேயிலையும் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867லேயே 19 ஏக்கர் நட்டுவிட்டாரே. ஆனால் அது இவ்வளவு அவசரமாக வந்திருக்காது.

தேயிலைக்கும் கணக்கு வந்தது, 1946இல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அந்த ஆண்டில் கொப்புள நோய் இறங்கியது. இளம் இலையில் முதலில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒளி ஊடுருவும் புள்ளி தோன்றும். சில நாளில் அது குழிந்து, இலையின் அடியில் கொப்புளமாகப் புடைத்து, வெல்வெட் மாதிரி வெள்ளை பூக்கும். கிழட்டு இலையை அது சீண்டாது. எந்த இரண்டு இலைக்கும் ஒரு மொட்டுக்கும் சம்பளம் கொடுக்கிறார்களோ அதைத்தான் பிடிக்கும். ஈரமும் பனிமூட்டமும் அதற்குச் சொர்க்கம், கவ்வாத்து வெட்டித் துளிர்க்கிற மலை அதற்கு விருந்து. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் நோய் தாங்கும் ரகங்களைத் தேடியது, நிழல் மரங்களைக் குறைத்து வெயிலை உள்ளே விட வழி சொன்னது. மழைக்காலத்தில் காப்பாற்றியது செப்பு மருந்துதான். பின்னாளில் அது தூளாகவே பையில் வந்தது. அதற்கு மூத்தது வாளியில் கலக்கும் போர்தோ. நுவரெலியா உருளைக்கிழங்குக் கொல்லைகளில் வெளிறல் நோய்க்கு அதே கலவை வெகுகாலம் ஓடியது.

கலக்கும் முறையைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் மறக்க மாட்டான். ஒரு பாத்திரத்தில் ஒரு கிலோ மயில்துத்தம், கண்ணைப் பறிக்கும் கடும் நீலக் கரைசல். இன்னொன்றில் ஒரு கிலோ சுண்ணாம்பு, வெறும் வெள்ளைப் பால். இரண்டையும் சேர்த்து நூறு லீட்டர் தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும். சேரும் இடத்தில் அந்தக் கடும் நீலம் தளர்ந்து, கட்டியாகத் திரண்டு, காலை நேரத்து வானம் போலாகிவிடும். இரும்புப் பாத்திரம் கூடாது, செம்பு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதையே சோதனையாகவும் வைத்திருந்தார்கள். நன்றாகத் தீட்டிய கவ்வாத்துக் கத்தியைக் கலவைக்குள் ஒரு நிமிடம் விட்டு எடுப்பார்கள். அலகில் செம்புச் சிவப்பு ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், அப்படியே அடித்தால் இலை கருகும். இன்னும் ஒரு கை சுண்ணாம்பு, மறுபடி கத்தி. அலகு வெள்ளையாக வெளியே வந்தால் டாங்கியில் ஊற்றலாம்.

கைப்பிடியும் தெளிப்புக் குழாயுமாக மருந்து டாங்கியை முதுகில் கட்டியவர்கள் மாலையில் திரும்பும்போது புருவமும் கைமயிரும் நீலம் பூத்திருக்கும். கையுறை, முகமூடியெல்லாம் அப்போது பேச்சில்கூட இல்லை. எங்கள் மாமா ஒருவரின் காக்கிச் சட்டை தோள்பட்டையில் மட்டும் எப்போதும் இளநீலம். எத்தனை வெளுப்புக்கும் அது போகவில்லை. அந்தச் சட்டையை அத்தை அலமாரியில் மற்றத் துணிகளோடு வைக்க மாட்டார், தனி ஆணியில் தொங்கும். நீலம் அழகு என்று எழுதுகிறவன் அந்த ஆணியையும் எழுத வேண்டும்.

சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் பூ

இப்போது பங்களாப் பக்கம். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் துரை பங்களாக்களின் வழியோரத்திலும் ரயில் நிலையங்களிலும் பந்து பந்தாய் வெளிர் நீலம் பூத்துக் கிடக்கிறதே, அது ஹைட்ரேஞ்சியா. ஜப்பானியச் செடி, வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்கு நட்டது. 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவிலும் பார்க்கலாம். பூ என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் புல்லி இதழ்கள்.

இங்கிலாந்தில் பல தோட்டங்களில் இதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். இங்கே அது ஏன் நீலம்? மண் புளிப்பு. அமிலம் மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது இதழிலுள்ள சாயத்தோடு சேர்ந்தால் நீலம், கிடைக்காவிட்டால் அதே சாயம் சிவப்பு. தேயிலை கேட்பதும் அதே புளிப்பு மண்ணைத்தான், 4.5இலிருந்து 5.5 வரை கார அமில நிலை. அலுமினியத்தை வாங்கி முதிர் இலையில் சேர்த்து வைக்கிற செடிகளில் தேயிலை முன்வரிசை. துரைமாரின் வாசலில் நிற்கும் நீலப் பந்தும் எதிர்ச் சரிவில் நிற்கும் பச்சைத் தூரும் ஒரே மண் செய்தியைத்தான் சொல்கின்றன. மண் பரிசோதனைச் சீட்டை யாரோ பூவாக எழுதி வழியோரம் நட்ட மாதிரி.

இந்த நீலத்துக்குச் சுண்ணாம்பு எமன். வேரடியில் இரண்டு கை போட்டு அடுத்த பருவத்தைப் பாருங்கள், பூ இளஞ்சிவப்பில் சாயும். சுவரில் நீலத்தைக் காப்பாற்றுகிற, மயில்துத்தத்தை வானமாக்குகிற அதே சுண்ணாம்பு இங்கே நீலத்தைத் துரத்துகிறது. பங்களாவில் வேலை செய்த ஒரு பெரியவர் மாதமொருமுறை படிகாரத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. துரைசாணிக்கு நீலம்தான் பிடிக்கும் என்பது தெரியும். பங்களாவுக்கு வெள்ளையடித்த அன்று மீந்த சுண்ணாம்பை யாரோ செடியோரம் கொட்டிவிட, அடுத்த வருடம் ஒரே செடியில் பாதி நீலம் பாதி ரோஸாகப் பூத்த கதையை அவர் சிரிக்காமல் சொல்வார். அதற்காக அவருக்கு அன்று அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்களாம்.

சுற்றுலாக் கடைகளில் இப்போது சங்குப்பூத் தேநீர் விற்கிறார்கள். எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும், அதைப் படமெடுக்கத்தான் கூட்டம். தேயிலை நாட்டுக்கு வந்து தேயிலையில்லாத தேநீர் குடிப்பது அவரவர் இஷ்டம்.

பெயர் இல்லாத நிறமா?

தமிழில் ‘நீலம்’ பழைய நாளில் கருமையையும் சேர்த்துக்கொண்ட சொல். திருமாலை ஒரே மூச்சில் கார்மேக வண்ணன் என்றும் நீலமேனியன் என்றும் சொல்வோம். இருட்டு நிறத்துக் கடவுளைக் காலண்டர் ஓவியர்கள்தான் மெல்ல மெல்ல வெளுத்து இளநீலமாக்கினார்கள். கோயில் சுதைகளுக்கு வர்ணம் பூசுகிறவர்களும் அந்த வழியிலேயே போக, இன்றைக்கு இராமனை வெளிர் நீலத்தில் பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் கார்மேகம் என்றால் விளங்காது. காயாம்பூ வண்ணன் என்று இன்னொரு பெயர் இருக்கிறது. காயா பூத்த கிளையைப் பார்த்தவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

புடவைக்கடை அகராதி இலக்கிய அகராதியைவிட வளமானது. ஆனந்தா ப்ளூ, மயில் கழுத்து, எம்.எஸ். ப்ளூ என்று அங்கே நீலத்துக்குக் குறைவில்லை. இளநீலம் கேட்டால் மட்டும் ‘லைட் ப்ளூ’ என்று கடைப்பையன் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறான். அம்மாயி ‘தண்ணி நீலம்’ என்பார். தண்ணீர் கூட்டிய நீலம். எப்படிச் செய்தாரோ அப்படியே பெயர்.

ஆண் பிள்ளைக்கு நீலம் என்பதும் புதுப் பழக்கமே. மருத்துவமாது தருகிற பிள்ளை வளர்ச்சிப் பதிவேடு பையனுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. 1918இல் ஓர் அமெரிக்க வணிக இதழ் இதைத் தலைகீழாகச் சொன்னது: அழுத்தமான இளஞ்சிவப்பு பையனுக்கு, மென்மையான நீலம் பெண்ணுக்கு. மலையில் நீலம் என்றால் குறிஞ்சியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஹோட்டன் சமவெளியில் சிங்களத்தில் ‘நெலு’ எனப்படும் அந்த இனம் பன்னிரண்டு வருடத்துக்கொரு தரம் ஊதா நீலமாய்ப் பூக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான். வருடா வருடம் தீபாவளிக்குச் சுவர் கேட்கிறவர்களுக்கு அது ஆகாது.

இன்றைய மலையகத்தை உலகம் அறிவது ஒரு நீல ரயிலால். சீனாவில் செய்த அந்த நீலப் பெட்டிகள் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் பச்சைக்கு நடுவே ஊர்கிற படம் எத்தனை கோடிக் கைபேசிகளில் இருக்கிறதோ. மிதிபலகையில் தொங்குகிறவர்களின் படத்தில் பின்னால் லயங்களும் வரும், கவனித்துப் பாருங்கள். அவற்றின் கூரையில் இன்னொரு நீலம் இருக்கும். ஒழுகுகிற தகரத்தின்மேல் விரித்து, பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றிய பொலித்தீன் படங்கு. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் செடியின் ஈரம் ஏறாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்கும் பல மலைகளில் அதே நிறம்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் எங்கள் ஆட்கள் உறங்குவதில்லை. படங்குக் கூரைக்குக் கீழே பகலில் படுத்திருந்தால் அறை முழுக்க மங்கலான நீல வெளிச்சம் இறங்கும். மனிதர்கள், சோற்றுப் பானை, பிள்ளையின் முகம் எல்லாம் அந்த நிறம். அந்த நீலத்தை யாரும் அலங்காரமென்று தேர்ந்தெடுத்ததில்லை.

இப்போது ஆங்காங்கே தனி வீடுகள் எழும்புகின்றன. ஏழு பேர்ச் காணி, இந்திய உதவியில் சில ஆயிரம், இன்னும் பத்தாயிரம் என்று 2017இல் நோர்வூட் மேடையில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தது. என் சித்தி மகளுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. பழைய காம்பராவைக் காலி செய்த அன்று கதவு நிலை ஓரமாகச் சுவர் பெயர்ந்து விழுந்தது. விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன், விரல் கனம் இருக்கும். வெட்டுமுகத்தில் வெள்ளை, நீலம், வெள்ளை, பச்சை, நீலம், நீலம் என்று ஏடு ஏடாக இருந்தது. எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் பிடிபடாமல் விட்டுவிட்டேன்.

புது வீட்டுக்குப் பெயிண்ட் வாங்க ஹட்டன் கடைக்கு அம்மாயியையும் கூட்டிப் போனோம். தொண்ணூறை நெருங்குகிறார், கண் பாதிதான். பையன் நிற அட்டையை விரித்துக் காட்டினான். நீலத்திலேயே நாற்பது கட்டம். சித்தி மகள் ஒன்றில் விரல் வைத்தாள். எண்ணைத் தட்டியதும் இயந்திரம் வெள்ளை டப்பாவுக்குள் நாலு சொட்டு இறக்கிக் குலுக்கிக் கொடுத்தது.

“காஞ்சா என்ன கலர் வரும் தம்பி?”

“அட்டையில இருக்கிறதுதான் பாட்டி. மாறாது.”

அம்மாயி எதுவும் சொல்லவில்லை. மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்ததை விரல் நுனியால் தொட்டு, புறங்கையில் வைத்து, ஊத ஆரம்பித்தார்.